மர்மக் காய்ச்சல் என்றொரு நோய் இல்லை

வடகிழக்குப் பருவமழை தொடங்கிப் பத்துப் பதினைந்து நாள் ஆனதும் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் ஒரு சொல் தவறாமல் தலைகாட்டும்: மர்மக் காய்ச்சல். ஊர்ப்பெயர் மாறும், அரசு மருத்துவமனை வாசலில் நிற்கும் கூட்டத்தின் படம் மாறும், சொல் மட்டும் மாறாது. மறுநாளே, டெங்கு இல்லை, யாரும் பயப்பட வேண்டாம் என்று அதிகாரிகளிடமிருந்து ஒரு விளக்கமும் வந்துவிடும். மருத்துவ நூல்களில் இப்படியொரு நோய் கிடையாது. டெங்கு, மலேரியா, எலிக்காய்ச்சல், டைபாய்டு, ஸ்க்ரப் டைபஸ், இன்ஃப்ளூயன்சா என்று காய்ச்சல்களுக்குப் பெயர் உண்டு. பெயரைக் கண்டுபிடிக்கச் சோதனைகள் உண்டு. சோதிக்க ஆய்வகங்களும் தமிழ்நாட்டில் போதுமான அளவு இருக்கின்றன. எந்தத் தெருவில் எத்தனை பேருக்கு என்ன காய்ச்சல் என்பது பெரும்பாலும் சுகாதாரத் துறையின் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. அந்தத் தெருக்காரர்களுக்குத்தான் தெரிவதில்லை. இந்த இடைவெளிக்கு நாம் வைத்திருக்கும் பெயரே மர்மக் காய்ச்சல். மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சிகளில் சுகாதாரத் துறை அன்றாடம் எடுக்கும் கணக்குகளை வார்டு வாரியாக, வாரந்தோறும், அந்தந்த ஊரார் கண்ணில் படும்படி வெளியிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதைச் செய்ய முடியாத ஏழைத் துறை அல்ல இது. மெட்ராஸ் மாகாணத்தில் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனித் துறை ஏற்பட்டு ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. 2022-ல் அதற்கு நூற்றாண்டு விழாவும் நடந்தது. நாட்டில் வேறெங்கும் இல்லாத வகையில் 1939-லேயே மெட்ராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய், விடுதிகள், திருவிழாக் கூட்டங்கள் என அனைத்திலும் தலையிட நல அலுவலருக்கு அது அதிகாரம் தந்தது. சுதந்திரத்துக்குப் பின் பெரும்பாலான மாநிலங்கள் மருத்துவத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் ஒரே துறையாகக் கலந்துவிட்டன. கலந்த இடங்களில் மருத்துவமனை எல்லாவற்றையும் விழுங்கியது, நோய் வராமல் தடுக்கும் வேலை அநாதையானது. தமிழ்நாடு கலக்கவில்லை. உலக வங்கிக்காக மோனிகா தாஸ் குப்தாவும் உடன் ஆய்வாளர்களும் 2009-ல் எழுதிய ஆய்வறிக்கை இந்தத் தனித்தன்மையைத்தான் மற்ற மாநிலங்களுக்குப் பாடமாகச் சொன்னது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரண முகாம்களில் கொள்ளைநோய் எதுவும் பரவாமல் போனதற்கும் இந்தக் கட்டமைப்பே காரணம் என்று காட்டியது. 2018-20 காலக் கணக்குப்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. கர்ப்பிணி ஒருவர்கூட விடுபடாமல் எண்ணி, பெயர் எழுதி, பின்தொடர்ந்த கிராம சுகாதார செவிலியர்களின் நோட்டுப் புத்தகம் இல்லாமல் இந்த எண் கிடைத்திருக்காது. எண்ணுவதில் நம் துறை தேர்ந்தது. எண்ணியதை ஊருக்குச் சொல்வதில்தான் அதற்குக் கூச்சம்.

அந்தக் கணக்குகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். டெங்கு கொசு ஒழிப்புப் பணியாளர் ஒருவர் வீட்டுக்குள் வந்தால் முதலில் தேடுவது சாக்கடையை அல்ல. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் இருக்கும் தட்டு, மூடாத சின்டெக்ஸ் தொட்டி, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், டயர், தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டிக்கு அடியிலுள்ள பீங்கான் ஆகியவற்றில் டார்ச் அடித்துப் பார்ப்பார். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து அடியில் போய்விடும், அதுவே அடையாளம். தண்ணீரைக் கொட்டச் சொல்வார் அல்லது அபேட் மருந்தை ஊற்றுவார். பிறகு தாளில் குறிப்பார்: பார்த்த வீடு இத்தனை, புழு இருந்த வீடு இத்தனை. நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு என்பதுதான் வீட்டுக் குறியீடு. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். கொசுவின் உடலுக்குள் வைரஸ் முதிர இன்னொரு பத்து நாள். கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர நான்கிலிருந்து பத்து நாள். அவர் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்த்து, குறையாமல் மருத்துவமனைக்குப் போய், இரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குள் மேலும் சில நாள். ஆக, இன்று ஒரு தெருவில் டெங்கு உறுதியானால் அந்தத் தெருவின் தொட்டியில் புழு நெளிந்தது ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன்பு. அந்த ஒரு மாத முன்னறிவிப்பு அரசின் கையில் தாளாக இருந்தது. ஏடிஸ் கொசு பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. நம்மைக் கடிப்பது நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்த கொசுதான். அப்படியிருக்க, தாளில் உள்ள எண் யாருக்கு அதிகம் பயன்படும்? சென்னையில் உட்கார்ந்து மாநில அறிக்கை தயாரிப்பவருக்கா, தொட்டிக்கு மூடி வாங்க வேண்டிய வீட்டுக்காரருக்கா?

தண்ணீரும் அப்படித்தான். மேல்நிலைத் தொட்டிக்குக் குளோரின் போடுவது பார்க்கச் சாதாரண வேலை. பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை விட்டு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரைமணி நேரமாவது கழித்துத்தான் திறந்துவிட வேண்டும். பவுடர் ஈரத்தில் கிடந்து வீரியம் போயிருந்தால் எவ்வளவு போட்டாலும் வீண். அது தெரிய ஒரே வழி, தெருக்கோடியிலுள்ள கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துத் துளி விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்பது. ஓ.டி. டெஸ்ட் என்பார்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரினாவது அங்கே இருக்க வேண்டும். நிறம் வராவிட்டால் ஒன்று குளோரின் போடவில்லை, இல்லையேல் வழியில் எங்கோ குழாய் உடைந்து அழுக்கு சேர்ந்து குளோரினைத் தின்றுவிட்டது. இரண்டாவது காரணம் மிக ஆபத்தானது. 2022 ஜூலையில் காரைக்காலில் வயிற்றுப்போக்கு பரவி, காலரா கண்டறியப்பட்டு, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்க வேண்டிவந்தது. பழைய குடிநீர்க் குழாய்களில் கழிவுநீர் கலந்ததே அப்போது காரணமாகச் சொல்லப்பட்டது. மண்ணுக்கடியில் குழாய் உடைவது யார் கண்ணுக்கும் தெரியாது. கடைசிக் குழாயில் மஞ்சள் நிறம் வராமல் போவது தெரியும். அந்த அளவீட்டைத் தினமும் எழுதிவைக்கும் நோட்டு, தண்ணீரைக் குடிப்பவர்களுக்கு ஏன் மூடியே இருக்க வேண்டும்?

மூன்றாவதாக, இறப்புப் பதிவேடு. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாளுக்குள் பதிய வேண்டிய இது, சான்றிதழ் வாங்குவதற்கான அலுவலக வேலையாகவே பலருக்குப் படுகிறது. 2020 கோடையில் இதன் அருமை தெரிந்தது. சென்னையில் கோவிட் இறப்புகளாக மாநில அரசு தினமும் அறிவித்த எண்ணுக்கும் மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்ததற்கும் இடையே பொருத்தமில்லை என்ற செய்தி வெளியானது. கேள்விகள் எழுந்தன. குழு அமைத்துச் சரிபார்த்த பிறகு, விடுபட்டுப்போன 444 இறப்புகளை ஜூலை 22 அன்று அரசே கணக்கில் சேர்த்துக்கொண்டது. இந்தச் சம்பவத்தை அரசின் தோல்வியாக மட்டும் பார்ப்பவர்கள் அதன் பாதியைத்தான் பார்க்கிறார்கள். இரண்டு பதிவேடுகள் தனித்தனிக் கைகளால் எழுதப்பட்டிருந்தன, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஊடகத்துக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது, தவறு திருந்தியது. அந்த வாய்ப்பு தற்செயலாகக் கிடைத்தது என்பதுதான் கவலைக்குரியது.

கணக்கு வெளியே வராதபோது என்ன நடக்கிறது? கண்ணுக்குத் தெரிவது மட்டும் சுகாதாரப் பணி என்றாகிவிடுகிறது. கொசு அதிகம் என்று மக்கள் முறையிட்டால் கவுன்சிலர் கேட்பது புகை வண்டியைத்தான். புகை வந்தால் தெருவே பார்க்கும், சிறுவர்கள் பின்னால் ஓடுவார்கள், மாநகராட்சி வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் தோன்றும். புகை அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுக்களைக் கொல்லும், தொட்டியிலுள்ள புழுவை ஒன்றும் செய்யாது. அடுத்த வாரம் அந்தப் புழுக்கள் கொசுவாகிவிடும். வீடு வீடாக டார்ச் அடித்துத் திரியும் பணியாளரின் வேலைக்குப் புகையும் இல்லை, சத்தமும் இல்லை. அவர் ஒழுங்காக வேலை பார்த்தால் நடப்பது ஒன்றே ஒன்றுதான்: ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யார் பணம் ஒதுக்குவார்கள்? பல உள்ளாட்சிகளில் இவர்கள் ஆண்டுக்கணக்காகத் தினக்கூலிகளாக இருப்பதற்கும், காய்ச்சல் குறைந்ததும் ஆள் குறைப்பு நடப்பதற்கும் இதுவே வேர். 2012-ல் கடையநல்லூரும் அதைச் சுற்றிய அன்றைய திருநெல்வேலி மாவட்டமும் தவித்தபோது தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு உறுதியாகி 66 பேர் இறந்தார்கள். ஐந்தாண்டு கழித்து 2017-ல் 23,294 பேர், 65 இறப்புகள். இரண்டு முறையும் வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகே ஆள், மருந்து, ஆய்வுக் கூட்டம் எல்லாம் வந்தன. முந்தைய மாதங்களின் வீட்டுக் குறியீடு ஊர்ப் பொதுவில் இருந்திருந்தால் மழைக்கு முன்பே யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள்.

வெளியிட்டால் பீதி கிளம்பும் என்பது துறைக்குள்ளிருந்து வரும் முதல் மறுப்பு. இதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2020-ல் சென்னை மாநகராட்சி மண்டலவாரியாகத் தொற்று எண்ணிக்கையை நாள்தோறும் வெளியிட்டது. ராயபுரம், தண்டையார்பேட்டை, தேனாம்பேட்டை, கோடம்பாக்கம் என்ற வரிசையை மக்கள் காலையில் தங்க விலை பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அந்த ஜூன் மாதம் நகரைவிட்டு வெளியேறியவர்களில் அச்சத்தால் போனவர்களும் உண்டு. ஆனால், எண் வெளிவராத ஆண்டுகளில் மக்கள் அமைதியாகவா இருந்தார்கள்? வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குரல்பதிவு போதும், தட்டணு குறைந்துவிட்டதென்று தனியார் மருத்துவமனைப் படுக்கைகள் நிரம்பிவிடும். ‘மர்மம்’ என்ற சொல்லைவிடப் பீதியூட்டும் சொல் அகராதியில் இல்லை. நம் வார்டில் பதினோரு பேருக்குக் காய்ச்சல், அதில் இருவருக்கு டெங்கு உறுதி, நூறு வீட்டில் எட்டு வீட்டில் புழு என்ற செய்தியைக் கேட்டவர் ஓட மாட்டார், மொட்டை மாடிக்கு ஏறித் தொட்டியைப் பார்ப்பார். சிங்கப்பூரில் தேசியச் சுற்றுச்சூழல் முகமை டெங்கு பரவும் இடங்களைத் தெரு அளவில் வெளியிடுகிறது. பத்துப் பேருக்குக் கீழ் என்றால் மஞ்சள், அதற்கு மேல் என்றால் சிவப்பு என்று குடியிருப்புகளில் பதாகையும் கட்டுகிறது. ஊர் காலியாகிவிடவில்லை. எல்லை ஒன்று மட்டும் வேண்டும்: தெரு, வார்டு வரைதான், வீட்டு எண் கூடாது. பெருந்தொற்றில் வீட்டு வாசலில் தகரம் அடித்தபோது மக்கள் நோயைவிட அந்தத் தகரத்துக்குப் பயந்து காய்ச்சலை மறைத்தார்கள்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. எண்ணை வெளியிட்டால் எண்ணைத் திருத்துவார்கள். உயர்ந்த எண் வந்த வார்டின் சுகாதார ஆய்வாளருக்கு மெமோ வரும், அடுத்த வாரம் அவர் பூஜ்யம் எழுதுவார். நம் நிர்வாகத்தை அறிந்த எவரும் இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால், திருத்துவது இப்போதும் நடக்கக்கூடியதே. ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லாததால் அது பிடிபடுவதில்லை, அவ்வளவுதான். புழுக் கணக்கு கொசு ஒழிப்புப் பணியாளர் கையில், காய்ச்சல் கணக்கு மருத்துவமனையில், உறுதிப்பாடு ஆய்வகத்தில், இறப்பு பதிவாளரிடம் என்று நான்கும் நான்கு கைகளில் பிறக்கின்றன. நான்கையும் ஒரே தாளில் அச்சிட்டால், புழு பூஜ்யம் என்று எழுதிய வார்டிலிருந்து ஐந்து பேர் டெங்குவோடு படுத்திருப்பது பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். பொய் சொல்ல வேண்டுமென்றால் நான்கு பேரும் ஒரே வாரத்தில் ஒரே பொய்யைச் சொல்ல வேண்டும். விரைவுச் சோதனையில் தெரிந்த தொற்று வேறு, அரசு ஏற்கும் எலைசா சோதனையில் உறுதியானது வேறு என்பதால் தனியார் எண்ணுக்கும் அரசு எண்ணுக்கும் ஒவ்வோர் ஆண்டும் சண்டை வருகிறது. சந்தேகம் ஒரு பத்தியில், உறுதி இன்னொரு பத்தியில் என்று இரண்டையும் போட்டுவிட்டால் சண்டைக்கே இடமில்லை.

இதற்கு இலங்கையில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. அங்குள்ள தொற்றுநோயியல் பிரிவு வாரந்தோறும் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, கல்முனை என்று பிரிவு பிரிவாக வயிற்றுளைவு, எலிக்காய்ச்சல், நச்சுணவு, மஞ்சள்காமாலை, டெங்கு எல்லாவற்றுக்கும் எண்கள் இருக்கும். என்னைக் கவர்ந்தவை அந்த அட்டவணையின் கடைசிப் பத்திகள். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் அறிக்கைகள் உரிய நேரத்தில் வந்தது எத்தனை சதவீதம், முழுமையாக வந்தது எத்தனை சதவீதம் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். நோய் எண்ணோடு எண்ணியவரின் ஒழுங்கும் சேர்ந்தே வெளியாகிறது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த நுணுக்கத்தை. எண் உயர்ந்ததற்காக யாருக்கும் மெமோ கூடாது. கட்டம் காலியாக இருந்தால் மெமோ கொடுக்கலாம்.

பொய் எழுதாமலிருக்க எழுதுபவருக்குத் தைரியமும் வேண்டும். கொசுப்புழு வளர வசதியான இடங்களில் ஒன்று காவல் நிலைய வளாகம். பறிமுதல் செய்த வண்டிகள் மழையில் நனைந்து டயரிலும் தகரத்திலும் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். அரசு அலுவலக மாடித் தொட்டி, கட்டி முடிக்காத கட்டடத்தின் நீர்த்தொட்டி, செல்வாக்குள்ளவரின் கிடங்கு என்று பட்டியல் நீளும். நாளைக்கு வர வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் நிறுத்தப்படக்கூடிய தினக்கூலிப் பெண் இந்த இடங்களில் புழு இருந்ததாக எழுதுவாரா? கொசு ஒழிப்புப் பணியை ஆண்டு முழுவதற்குமான நிரந்தர வேலையாக்கக் கேட்பது அவர்கள் மேல் இரக்கப்பட்டு மட்டுமல்ல. நிலையான வேலையில் இருப்பவரின் தாளைத்தான் நம்ப முடியும்.

செலவாகுமே என்பதும், ஆளில்லையே என்பதும் சின்ன மறுப்புகள். புதிதாக எதையும் எண்ணச் சொல்லவில்லை. எண்ணி மேலே அனுப்புவதில் ஒரு பிரதியைக் கீழே ஒட்டச் சொல்கிறோம். உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்றே 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு நாடு முழுவதற்கும் 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்திருந்தது. கட்டடம் கட்டும் ஆர்வத்தில் ஒரு சிறு பங்கை இங்கே திருப்பினாலே போதும். யார் படிப்பார்கள் என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. எல்லோரும் படிக்க வேண்டியதில்லை. வார்டுக்கு ஒரு கவுன்சிலர், குடியிருப்போர் சங்கத்தில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர், உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவர் என்று மூன்று பேர் படித்தால் நான்காவது வாரம் கேள்வி வரும். நகரங்களில் பகுதி சபைகளும் கிராமங்களில் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபையும் கூடுகின்றன. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்றைக்குக் கடைசிக் குழாயின் குளோரின் கணக்கை வாசிப்பதைவிடப் பொருத்தமான காரியம் வேறென்ன? சட்டமும் இதற்குக் குறுக்கே இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, யாரும் கேட்காமலேயே அரசு அலுவலகங்கள் தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. 1939-ஆம் ஆண்டுச் சட்டம் தகவலை மேல்நோக்கி அனுப்பக் கற்றுத்தந்தது. மருத்துவர் நல அலுவலருக்கு, நல அலுவலர் இயக்குநருக்கு. பிளேக்கும் காலராவும் ஊரைக் காலிசெய்த காலத்தின் நியாயம் அது. இன்று மூடி போட வேண்டிய தொட்டி மக்கள் வீட்டு மாடியில் இருக்கிறது.

முன்மாதிரி தேடி வெகுதூரம் போகவும் வேண்டாம். நம் ஊராட்சிகளின் மேல்நிலைத் தொட்டிகளில், தூணிலோ தொட்டியின் வயிற்றிலோ, கொள்ளளவு இத்தனை லிட்டர், சுத்தம் செய்த நாள், அடுத்து சுத்தம் செய்யும் நாள் என்று பெயின்டில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்போம். யாரோ ஓர் அதிகாரி எப்போதோ போட்ட நல்ல உத்தரவு அது. பல இடங்களில் அந்தத் தேதி பழசாகி, வெளிறி, போன ஆண்டையோ அதற்கு முந்தைய ஆண்டையோ காட்டிக்கொண்டு நிற்கிறது. அப்படி நிற்பதையும் குழாயடியில் குடத்தோடு காத்திருப்பவர் படிக்கிறார், தலைவரைப் பார்க்கும்போது கேட்கவும் செய்கிறார். அந்தத் தேதிக்குக் கீழே இன்னும் இரண்டு வரிக்கு இடமிருக்கிறது: கடைசிக் குழாயில் குளோரின் எவ்வளவு, எந்தக் கிழமை பார்த்தது.